குடிலுக்குப் போன கம்புப் பயிர்

என் பிரியமானவருக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நம் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் மலரில் உங்களைப் பற்றி எழுத எனக்கு ஒரு பக்கம் தந்திருக்கிறார்கள். நல்ல மனிதர், வாயில்லா ஜீவன்களிடம் அன்பாக இருந்தார் என்று எழுதித் தருவேன் என நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை.

சாந்தோம் வீட்டுப் பின்புறம் உங்கள் ஏழு கோழிகளில் ஐந்து இன்னும் இருக்கின்றன. ஐப்பசி பிறந்தால் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது. "வெள்ளைக்காரன் ஊர்ல பனி, நம்மூர்ல மழை. கோழிக்கு ரெண்டும் ஒண்ணுதான் ரெஜினா, மேய வழியில்ல" என்பீர்கள். உடைந்த தண்ணீர்த் தொட்டியில் சோளமும் தண்டுக்கீரையும் விதைப்பீர்கள். வெள்ளம் வந்தால் அதுவும் போய்விடும் என்று கம்பை ஊறவைத்து, தட்டுகளில் பரப்பி, சமையலறை ஜன்னலோரம் வைப்பீர்கள். எட்டு நாளில் சாண் உயரத்துக்குப் பச்சை நிற்கும். பாத்திரம் வைக்க இடமில்லை என்று நான் கத்துவது உங்கள் காதில் விழாது.

எனக்கு அந்தப் பச்சை வேறு விதமாகத் தெரிந்தது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்வெளி வேண்டாமா? எல்லா வீட்டிலும் கேழ்வரகை முளைக்கவைத்துத்தான் குடிலில் வைக்கிறோம். போன வருடம் என் கேழ்வரகு மழையில் அழுகிவிட்டது. குடில் போட்டிக்கு நடுவர்கள் வர நான்கு நாள்தான் இருந்தது. உங்களைக் கேட்காமல் மூன்று தட்டுகளையும் தூக்கிவந்து, கூடத்தில் இடையர் பொம்மைகளைச் சுற்றி அடுக்கினேன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள்.

மறுநாள் காலை பின்புறம் முழங்கால் அளவு தண்ணீர். தொட்டிப் பயிர் மூழ்கிவிட்டது. மதிலோர முருங்கையில் கோழிகளுக்குக் கொப்பு ஒடிக்க, பித்தவெடிப்புக் காலோடு அந்தச் சாக்கடைத் தண்ணீரில் இறங்கினீர்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு தட்டையாவது திருப்பிக் கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அது உங்களுக்கும் தெரியும். முப்பத்தாறு வருடமும் இப்படித்தான், என்னோடு சண்டை போடுவதைவிடச் சாக்கடையில் இறங்குவது உங்களுக்குச் சுலபமாக இருந்தது.

எனக்கு முதல் பரிசு. ஒரு ஹாட்பாக்ஸ். இரண்டு நாளில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. தெருமுனை டாக்டர், "மழைத் தண்ணியில எங்கயாவது நின்னாரா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், வீட்டுலயேதான் இருந்தாரு" என்றேன். எதற்கு இறங்கினார் என்று அடுத்துக் கேட்பாரோ என்று பயம். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள், வாயைத் திறக்கவில்லை. காய்ச்சல் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம். மூன்று நாள் கழித்து, கண் மஞ்சளித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எலிக்காய்ச்சல் என்றார்கள். முன்னாடியே வந்திருக்கலாமே என்றும் சொன்னார்கள். நம் மகனுக்கு இது இன்றுவரை தெரியாது. இந்த மலரைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. "அவ பொய் சொல்றா டாக்டர், நான் தண்ணியில இறங்கினேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு? என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி உங்களை யார் கேட்டது? அன்றைக்கு அவமானப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

வேளச்சேரியிலிருந்து வாரம் ஒருமுறை மகன் வருகிறான். "கோழிய யாருக்காவது குடுத்துட்டு எங்ககூட வந்துடும்மா, பின்னாடி சிமெண்ட் போட்டுடலாம்" என்கிறான். போன மாதம் மீன் கொண்டுவந்த செல்வி கூண்டை எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சர், கோழிங்கல்லாம் வாடிக் கீது? சார் இருந்தா இந்நேரம் பச்ச அறுத்துப் போட்டுகினு இருப்பாரு" என்றாள். அன்றைக்கே போய்க் கம்பு வாங்கினேன். முதல் தடவை தண்ணீரைச் சரியாக வடிக்காமல் பூஞ்சணம் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டாவது தடவை வந்துவிட்டது. என் கையில் தின்னக் கோழிகள் யோசிக்கின்றன. யோசிக்கட்டும்.

குடில் போட்டிக்குப் பெயர் கேட்டு வந்தார்கள். "போன வருஷம் ஃபர்ஸ்ட் பிரைஸ் நீங்கதானே டீச்சர்?" என்றார்கள். நான் பெயர் கொடுக்கவில்லை.

ஆனாலும் வீட்டில் குடில் வைப்பேன். பாலன் இயேசு இந்த வருடம் வெறும் மணலில் படுத்துக்கொள்வார். ஜன்னலோரம் மூன்று தட்டுப் பச்சை இருக்கும். அதிலிருந்து ஒரு தாளைக்கூட எடுக்க மாட்டேன், அது கோழிக்கு. குடில் பார்க்க வருகிறவர்கள் ஏன் புல் வைக்கவில்லை என்று கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவரிடமும், டாக்டரிடம் சொல்லாததைச் சொல்வேன்.

கேட்காமல் எடுத்த,
உங்கள் மனைவி
ரெஜினா