ஓசூர்க்காரர் செய்த பெட்டிகள்

என் சத்தக்கார அண்ணனுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. எனக்கு அமைதிதான் பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்வாயே, இப்போது வந்து பார். வீட்டில் இருக்கும் இந்த அமைதியை என்னால் சகிக்க முடியவில்லை. ஆனால் இன்று அழுவதற்காக எழுதவில்லை. சண்டை போட எழுதுகிறேன். உயிரோடு இருந்திருந்தால் கிட்டாரை எடுத்து என் பேச்சை மூழ்கடித்திருப்பாய். இப்போது கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் ஹெட்லைட். மாரண்டஹள்ளியில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், சர்ச் மைக் கரகரத்தாலும் சால்டரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ. உன் வண்டி ஹெட்லைட் மட்டும் மூன்று வாரமாக எரியவில்லை. பாலக்கோடு ரோட்டில், இருட்டத் தொடங்கும் நேரத்தில், ஓரமாக நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரை நீ பார்க்கவில்லை. உன் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது புது பல்பு கிடைத்தது. அட்டைப்பெட்டியைக்கூட நீ பிரிக்கவில்லை. கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்க நீ செய்யும் ஒவ்வொரு பெடலிலும் அந்தப் பொட்டளவு எல்ஈடி எரிகிறதா என்று பத்துத் தடவை மிதித்துப் பார்ப்பாயே. வண்டியில் ஒரு பல்பு மாட்ட எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

அந்த ஒன்றுக்கே ஆயுள் முழுக்க உன்மேல் கோபமாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை டேவிட் அண்ணன் வந்து இரண்டாவது காரணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பாடற்குழுவிலும் கல்யாண ரிசப்ஷன்களிலும் உன் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்த அதே டேவிட் அண்ணன்தான். பூசை முடிந்து நேராக வந்தார். அம்மா காபி கொடுத்தாள். உன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசினார், கொஞ்சம் அழுதார், பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். நீ அவருக்காகச் செய்த கடைசிப் பெடல் இன்னும் பெட்டி இல்லாமல் கிடக்கிறது இல்லையா, வெறும் போர்டும் தொங்கும் ஒயர்களுமாக? அதைக் கொடுத்தால் ஓசூருக்கு எடுத்துப்போய்ப் பெட்டி போட்டுக்கொள்கிறேன் என்றார். மாதா திருவிழாவில் அதை மிதித்துத்தான் வாசிக்கவேண்டுமாம்.

ஓசூரில் யாரிடம் என்று கேட்டேன்.

"அதாம்மா, ஒங்கண்ணனுக்கு எல்லாப் பொட்டியும் செஞ்சு குடுத்தாரே, அவருதான். நம்பர் எங்கியாச்சும் எழுதி வெச்சிருக்கானா பாரு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றுமே விளங்கவில்லை.

அண்ணா, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதல் பெட்டி அம்மாவின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நீ ஒரு மிதி மிதித்ததும் மூடி பள்ளமாகிவிட்டது. அதற்கப்புறம்தான் வார்ப்பு அலுமினியப் பெட்டிகள் வாங்கிவந்தாய். அதில் துளை போட உனக்குப் பொறுமை கிடையாது. நான் போட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கல்மேல் சாக்கு விரித்து. எங்கே எந்தத் துளை என்று தாளில் வரைந்து ஒட்டி, சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் புள்ளி தட்டி, சிறிய டிரில் பிட்டில் தொடங்கிப் பெரிய பிட்டில் முடித்து, பிசிறை அரத்தால் ராவி. முதல் அலுமினியப் பெட்டியில் நான் தாளை உட்புறமாக ஒட்டிவிட்டேன். பெட்டியைத் திருப்பியபோது இடம் வலமாகிவிட்டது. வலப்பக்கம் நுழையவேண்டிய கேபிள் இடப்பக்கம் நுழைந்தது. ஒரு நாள் முழுக்கச் சிரித்தாய். பிறகு அதிலேயே வாசித்துப் பழகி, இனி எல்லாவற்றையும் இப்படியே போடு என்றாய்.

அடுத்த பெட்டிக்கு உள்ளேயும் சேர்த்து பெயின்ட் அடித்தேன். கேபிள் செருகும் ஜாக்கின் நட்டு உலோகத்தைத் தொடாமல், ஆம்ப்ளிஃபயரில் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரைச்சல். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் நகம் பிய்ந்தது. அந்தப் பெட்டிக்குத்தான் தக்காளிச் சிவப்பு அடித்து, மேலே மண்டிக் கூடை வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட பெட்டி அது. யார் செய்தது என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

டேவிட் அண்ணன் அந்த ஓசூர்க்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். நேரில் பார்த்தவர்போல.

"எடது கைக்காரராம்மா. அதனாலதான் ஜாக்க மாத்தி மாத்திப் போடுறாருன்னு சொல்லுவான். போன் பண்ணா எடுக்க மாட்டாராம். நேர்ல போனாலும் ரெண்டு வார்த்த பேச மாட்டாராம், ஏதாச்சும் பொஸ்தகத்துல மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாராம். ஆனா வேலைன்னா சுத்தமாம். துளி பிசிறு இருந்தாலும் பொட்டியத் தூக்கி எறிஞ்சிடுவாராம். ஆள் கெடச்சது நம்ம அதிர்ஷ்டம்டாம்பான்."

அம்மா என் இடது கையையே பார்த்தாள். நான் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

பெயரைச் சொல்லாதே என்று உன்னிடம் கேட்டுக்கொண்டது நான்தான். மறுக்கவில்லை. நான் காலேஜ் படிக்கும்போது உன் வெளியூர்ச் சிநேகிதர்கள் நான்கு பேர் வந்து, பொம்பளைப் பிள்ளை டிரில் பிடிப்பதை வேடிக்கை பார்த்தார்களே, அன்றைக்குக் கேட்டேன். சொல்லாதே என்றுதான் கேட்டேன். என்னை ஆணாக்கு என்று கேட்கவில்லை. ஓசூருக்கு அனுப்பு என்றும் கேட்கவில்லை. கேட்டவனிடம் 'சொல்ல மாட்டேன், போடா' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம் இல்லையா? ஒரு ஆம்பளை செய்தான் என்றால்தான் பெட்டிக்கு மதிப்பா? என் கை, என் புத்தகம், என் கோபம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொடுத்திருக்கிறாய் அந்த ஆளுக்கு. இத்தனை நுணுக்கமாக என்னைக் கவனித்திருக்கிறாய் என்பதே எனக்குத் தெரியாது. அதை என்னிடம் ஒரு தடவையாவது சொன்னாயா? யாரோ ஒரு ஓசூர்க்காரன் பெயரில் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய்.

"அந்த ஆளு நான்தாங்கண்ணா" என்றேன்.

டேவிட் அண்ணன் சிரித்தார். "வெளையாடாத தங்கச்சி."

எழுந்து போய் உன் மேசைக்கடியில் மிச்சமிருந்த வெறும் பெட்டியை எடுத்து வந்தேன். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, சென்டர் பஞ்சைப் பிடித்து, சுத்தியலை இடது கையில் எடுத்து ஆறு புள்ளி தட்டினேன். மூன்றாவது புள்ளியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. தக்காளிப் பெட்டியில் கூடைக்குக் கீழே இருக்கும் சின்னக் கீறல் எப்படி விழுந்தது என்றும் சொன்னேன். பெட்டியை வாங்கிப் புள்ளிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப ஓசூர்ல யாருமே இல்லியா?"

இல்லை என்றேன். முகம் அப்படியே விழுந்துவிட்டது. உன்னைப் புதைத்த அன்றும் அவர் முகம் இப்படித்தான் இருந்தது. எனக்கு அதற்கும் கோபம் வந்தது. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறேன், இல்லாத ஒருவனுக்காக மனுஷன் துக்கப்படுகிறார்.

அவர் போனதும் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டேவிட்டிடம் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டாளாம்.

"அந்தாளே செஞ்சதா இருந்துட்டுப் போவட்டும், வுடு சாமி. செத்த புள்ளைய நாலு பேரு பொய்யன்னு சொல்லணுமா?"

மூன்று நாள் அந்தக் கேள்வியோடு இருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டால் உன் பேர் நல்ல பேராகவே இருக்கும். மூடிக்கொள்வது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, அதுதான் உனக்கே தெரியுமே. ஆனால் அந்தப் பெட்டிகளைத் தவிர நீயும் நானும் சேர்ந்து செய்தது வேறு என்ன இருக்கிறது? அதில் பாதியை ஓசூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொள்வது?

அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி சர்ச் மாத இதழுக்கு இதை எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஓசூர்க்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த லைட்டு சமாச்சாரத்த மட்டும் எடுத்துடறியா?" என்று கேட்டாள். எடுக்கவில்லை, அண்ணா. அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீயும் கேள்.

கடைசிப் பெடலுக்கு நான்தான் பெட்டி செய்கிறேன். திருவிழாவுக்குள் முடித்துவிடுவேன். உள்ளே பெயின்ட் படாது. மூடியின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி, உன் பெயரும் என் பெயரும் இருக்கும். கேபிள் இடப்பக்கம்தான் நுழையும். ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், முதல் அலுமினியப் பெட்டியில் தாளை உட்புறமாக ஒட்டிவிட்டேன் என்று நானே சொல்வேன். அந்தத் தப்பு என்னுடையது. அதை இனி எவனுக்கும் கொடுக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
மாரண்டஹள்ளியை விட்டு எங்கும் போகாத உன் இடது கைத் தங்கை,
ரெஜினா