நஞ்சம்மாளின் அடக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏரியூரிலிருந்து பிரிசில்லாவின் தோத்திரம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? நான் நலம்.

சபை ஊழியத்துக்கு வந்த எனக்கு இங்கே ஞாயிறு பள்ளி மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை நஞ்சம்மாள் என்ற விசுவாசி இறந்துவிட்டார். போதகர் வெளியூரில் இருந்தார்.

"பொம்பளைங்க கல்லறைக்கு வரக்கூடாதுங்க," என்றார் சபையின் மூப்பர்.

நஞ்சம்மாளின் மகள் கனிமொழி என் கையைப் பிடித்தாள். "எங்கம்மாவுக்கு நீங்கதாங்க ஜெபம் பண்ணோணும்."

போனேன். அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். மூப்பர் கடைசிவரை தள்ளியே நின்றார். மற்றவர்கள் யாரும் கலைந்து போகவில்லை.

அம்மாவிடம் கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். என் ஒருத்திக்காகச் சமைக்கப் பிடிக்கவில்லை. நீங்கள் போதகராக இருந்தபோது வைத்திருந்த ஆராதனைப் புத்தகமும் வேண்டும். பெண்பிள்ளைக்கு எதற்கு ஊழியம் என்று கேட்டீர்கள். புத்தகம் வந்தால், சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
பிரிசில்லா