செனட்டுக்கு நிற்க ஒருத்தி

1946 ஆகஸ்ட் 5, திங்கள்

விடியும்போதே புழுக்கம். குழாய் சீக்கிரமே நின்றுவிட்டது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியே பாதிக் காலை.

மாலை தி. நகர், டாக்டரம்மா வீடு. எங்கள் பெண் பட்டதாரிகள் சங்கக் கூட்டம். வந்தது நாலைந்து பேர், அதில் ஒருவர் பக்கோடாவுக்காக. டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். பல்கலைக்கழக செனட்டில் அவருடைய காலம் முடிகிறது, மறுபடி நிற்க மாட்டாராம்.

"அவ்வளவு ஆம்பளைங்க நடுவுல நான் ஒருத்தி. காது வேற மந்தமாயிடுச்சு. திட்டறாங்களா பாராட்டறாங்களான்னே தெரியல. எதுக்கும் சிரிச்சு வைக்கறேன்."

பட்டதாரிகள் ஓட்டுப் போட்டு நிரப்பும் இடங்கள் மூன்று. அதில் ஒன்றாவது பெண்ணுக்கு வேண்டும். காரணம் இருக்கிறது. வேலை பார்க்கும் ஆசிரியைகள் கல்லூரிக்குப் போகாமல், தாங்களே படித்து பி.ஏ. எழுதலாம் என்ற தீர்மானம் போன தடவை தோற்றது. திரும்ப வரப்போகிறது. எழுந்து பேச ஆள் இல்லாவிட்டால் இந்தத் தடவையும் அதே கதி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வகுப்பில் நாள் முழுக்கக் கணக்கு நடத்துவேன், சபையில் எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆள் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். இம்மாதக் கடைசிக்குள் மனு போட வேண்டும்.

யோசித்த பேர்கள்: டாக்டரம்மாவின் மருமகள் (பெஜவாடாவுக்குக் குடி போகிறாள்). எங்கள் கல்லூரி சரித்திர லெக்சரர் (பயம்). அடையாறு ஜட்ஜ் வீட்டு லலிதாம்பாள் (பி.ஏ., பெரிய இடம், ஓட்டு விழும்).

வீட்டில் அவர் கேட்டார்: "ஏண்டி, செனட்டுக்கு ஆள் எடுக்கறயா, பட்டாளத்துக்கா?"

ஆகஸ்ட் 8, வியாழன்

பஸ்ஸில் அடையாறு. பாலத்தில் நல்ல காற்று, குடை திரும்பிக்கொண்டது.

லலிதாம்பாள் வீட்டில் வெள்ளி டவராவில் காபி. கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்! நான் தயார் செய்துகொண்டு போன பேச்சு முழுதும் வீண்.

"நிக்கறேன். ஆனா கோடைக்கு நாங்க கோடைக்கானல் போயிடுவோம். மார்கழிலே கச்சேரி. நடுவிலே எப்ப கூட்டம்னாலும் வரேன்."

ஆசிரியைகள் விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டினார். "என்ன பேசணுமோ எழுதிக் குடுத்துடுங்கோ. படிச்சுடறேன்."

வேலை முடிந்தது. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் ஏனோ ஒரு குறை. நல்லெண்ணெய் வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

பிலோமினா வந்தாள். சாந்தோம் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை, பி.ஏ.வும் ஆசிரியப் பயிற்சிக்கான எல்.டி.யும் முடித்தவள். பரீட்சைப் பேப்பர் திருத்தும் இடத்தில் பழக்கம். அவள் பள்ளியில் கமருன்னிசா என்று ஒரு ஆசிரியை. தானே படித்து இண்டர்மீடியட் தேறியவள். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் சம்மதமில்லை, பி.ஏ. ஆசையும் விடவில்லை. அவளுக்காக யாரிடம் போய் முறையிடலாம் என்று கேட்கத்தான் வந்தாள்.

கேட்க வந்தவள் ரேழியில் நின்றபடியே வாதாட ஆரம்பித்துவிட்டாள். "பாடம் சொல்லிக் குடுக்க லாயக்குன்னு சம்பளம் தர்றாங்க. அதே பாடத்துல பரீட்சை எழுத மட்டும் லாயக்கில்லையா? அவளைத் தேறவிடுங்கன்னு கேக்கல. உட்காரவிடுங்கன்னுதான் கேக்கறேன்." குரல் உயரவில்லை. ஒரு வார்த்தை சிந்தவில்லை.

காபி கொடுக்கும்போது எந்த டம்ளர் என்று ஒரு நொடி கை நின்றது. நின்றதே வெட்கம். நான் குடிக்கும் டம்ளரிலேயே கொடுத்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

அவள் போன பிறகு அவர் பேப்பரை மடித்துவைத்தார். "நீ ஏன் அடையாறு வரைக்கும் போனே?"

அதுதான் அந்தக் குறை. கண்டுபிடித்துச் சொல்ல இவர் வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

கல்லூரி விட்டதும் பிலோமினாவின் பள்ளி. செனட்டுக்கு நிற்கச் சொல்லிக் கேட்டேன். சிரித்தாள். விளையாட்டில்லை என்று புரிந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"வேணாம்மா. மீன்காரி மகள்னு தெரிஞ்சா ஒருத்தர் ஓட்டுப் போடுவாங்களா? உங்களுக்கும் கெட்ட பேரு. பள்ளிக்கூட மேனேஜர் வேற என்ன சொல்வாரோ."

"கமருன்னிசாவுக்காக நீங்க பேசினது?"

"அது உங்க வீட்ல. நீங்க ஒருத்தர் கேட்டீங்க."

எங்க வீட்டுக்காரரும்தான் கேட்டார் என்றேன். மணி அடித்தது, போய்விட்டாள்.

தலைவலி. சுக்குப் பற்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

லேசான தூறல், பிறகு சுள்ளென்று வெயில். சர்ச்சில் பூசை முடிந்து வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் பண்ணிப் பிலோமினாவின் மீனவக் குப்பத்துக்கே போனேன். மணலில் செருப்பு கையில். வலை காயும் வாடை. குமட்டும் என்று பயந்தேன், குமட்டவில்லை.

பிலோமினாவின் அம்மா மரியம்மா. மயிலாப்பூர்த் தெருக்களில் கூடை சுமந்தவளாம். மீன் வாங்காத எங்கள் தெருவுக்கு மட்டும் வர வேலையில்லை! எனக்காகப் பெட்டியிலிருந்து புதுப் பாய் எடுத்துப் போட்டாள்.

"இன்னாமா வேலை அது? சம்பளம் உண்டா?"

"சம்பளமில்லை. யார் படிக்கலாம், யார் பரீட்சை எழுதலாம்னு அங்கேதான் தீர்மானம் பண்றா."

"இத்தினி நாளா யாரு பண்ணிக்கினு இருந்தாங்க?"

"வக்கீல்கள், ஜட்ஜுகள், காலேஜ் பிரின்ஸ்பால்கள்."

"இதுக்குப் போனா கீற வேலை பூடுமா?"

அதுதான் அவள் பயம். நியாயமான பயம். மேனேஜரிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்.

பிலோமினா குறுக்கிட்டாள். "வேலைக்காகச் சொல்லலைம்மா. சிரிப்பாங்க. நான் எழுந்தாலே சிரிப்பாங்க."

மரியம்மா மகளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "நீ காலேஜிக்குப் போறேன்னு சொன்னப்போ இந்தக் குப்பமே சிரிச்சுது. நான் கூடை எடுத்துக்கினு போவும்போது, இன்னா மரியம்மா, உம் பொண்ணு கலெக்டராயிட்டாளான்னு கேப்பானுங்க. இப்ப அவனுங்கதான் கொயந்தைய இட்டாந்து உன் பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்கறானுங்க. சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் பூடுவான். நீ போ."

பிலோமினா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "தோத்துட்டா?"

"தோத்தா டாக்டரம்மா ஆத்துல பக்கோடா," என்றேன்.

சரி என்றாள்.

இப்போது லலிதாம்பாளிடம் போய் என்ன சொல்வது?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல். இரண்டு பெண்கள் நின்றால் ஓட்டு பிரியும், பிலோமினா நிற்கட்டும், நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று.

லலிதாம்பாள் ஜரிகைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார். "அப்போ நான் லாயக்கில்லேங்கறேள்."

"அப்படி இல்லை..."

"அப்படித்தான்."

இந்தத் தடவை காபி இல்லை. தோட்டக்காரன் கேட்டைச் சாத்தும் சத்தம் பஸ் நிறுத்தம் வரை காதில். அவர் கோபித்துக்கொண்டு நின்றே தீருவேன் என்றால் எல்லாம் பாழ். கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டது நான். போய்ச் சொன்னதும் நான்.

வீட்டுக்கு வந்து அவரிடம் புலம்பினேன். "பொய் சொல்லாம வந்தியே, அது போறும்," என்றார். போதுமா?

ஆகஸ்ட் 21, புதன்

பிலோமினாவின் பள்ளி மேனேஜரைப் பார்த்தேன். கெடுபிடி ஆள் என்று கேள்வி. பள்ளி நேரத்தில் கூட்டத்துக்குப் போகக் கூடாது, பள்ளியின் பேரைப் பிரசாரத்துக்கு இழுக்கக் கூடாது. நிபந்தனை அவ்வளவுதான். கையோடு அனுமதி எழுதிக் கொடுத்தார். நான் மனப்பாடம் செய்த பேச்சு மறுபடி வீண். இப்படி வீணானால் சம்மதம்.

அடையாறிலிருந்து தகவல் ஏதுமில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வாசலில் கார். தெருவே எட்டிப் பார்த்தது. லலிதாம்பாள்! கூடத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது, அதைத் தாண்டி வந்து உட்கார்ந்தார்.

"மூணு நாளா மனசே சரியில்லை. கோவம் உங்க மேலேன்னு நெனச்சுண்டேன். யோசிச்சுப் பார்த்தா, பி.ஏ. பாஸ் பண்ணி இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட என்னை எதுக்கும் கூப்பிட்டதில்லை. நீங்கதான் மொதல்ல வந்தேள். வந்துட்டு வேண்டாம்னுட்டேள்."

இந்தப் பெரிய வீட்டுக்காரருக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"நான் நிக்கலை. ஆனா சும்மாவும் இருக்கப் போறதில்லை. அந்தப் பொண்ணை எனக்குக் காட்டுங்கோ."

காரிலேயே சாந்தோம். பள்ளி மரத்தடியில் இருவரும் பேசினார்கள். நான் தள்ளி நின்றேன். திரும்பி வந்து, "மனுவை எடுங்கோ," என்றார். முன்மொழிவது நான், வழிமொழிவது லலிதாம்பாள். கார் மூக்கின்மேல் தாளை வைத்துக் கையெழுத்து. வெயிலில் தகரம் சுட்டது, கையை உதறிக்கொண்டே போட்டார்.

"நாளைலேர்ந்து கார் உங்களோடது. பெட்ரோல் கூப்பன் இருக்கற வரைக்கும்."

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று முழுதும் ஓட்டுக் கேட்டு அலைச்சல். கால் வீக்கம், வெந்நீர் ஒத்தடம்.

தி. நகரில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பிலோமினாவைப் பார்த்தார். "குப்பத்துலேர்ந்து செனட்டுக்கா?"

"குப்பத்துலேருந்து பள்ளிக்கூடம் வந்தேன் சார். அங்கேருந்து காலேஜ். அங்கேருந்து உங்க வாசல் வரைக்கும் வந்தாச்சு. செனட் இன்னும் ரெண்டு ஸ்டாப்தான்."

சிரித்துவிட்டார். வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கேட் வரை வந்தார், அடுத்த தெருவில் யார் யார் பட்டதாரிகள் என்று சொன்னார்.

மூன்று வீட்டில் கதவே திறக்கவில்லை. ஒரு வீட்டில் லலிதாம்பாளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். "நாங்க மூணு பேரும் சேர்ந்துதான் வந்தோம்," என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த வீட்டு ஓட்டு போனது. போகட்டும்.

மாலை மிர்சாகிப்பேட்டை, கமருன்னிசாவின் மாமா வீடு. அவரும் பி.ஏ., துணி வியாபாரம். "எங்க பொண்ணு காலேஜுக்குப் போய்ப் படிக்கறதுக்கு நான்தான் வேண்டாம்னேன். ஊட்லயே படிச்சு எழுதலாம்னா எனக்கு என்ன ஆட்சேபம்? இன்ஷா அல்லா, என் சிநேகிதர் எல்லார்ட்டயும் சொல்றேன்." கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம். கமருன்னிசாவாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 27, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. ஓட்டுச் சீட்டுகள் தபாலில் போய்விட்டன. இனி செய்ய ஒன்றுமில்லை. இதுதான் கஷ்டம்.

தீபாவளிப் பட்சணம் மரியம்மாவுக்குக் கொண்டுபோனேன். பதிலுக்கு மீன் தர முடியாதே என்று அவளுக்கு வருத்தம். இளநீர் வெட்டித் தந்தாள். ஓட்டுப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலை பெரிதாக இருக்கிறது, படகு இறக்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

லலிதாம்பாள் கோலாட்டம் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார், பொழுது போகவில்லையாம்.

நவம்பர் 14, வியாழன்

கொட்டுகிற மழை. குளக்கரைத் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். டிராம் வரவில்லை. கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

லலிதாம்பாளின் டிரைவர் காரைத் தெருமுனையில் விட்டு நனைந்துகொண்டு வந்து துண்டுச் சீட்டு கொடுத்தான். மை கரைந்திருந்தது. "மூன்றாவது" என்பது மட்டும் தெரிந்தது. மூன்றாவது என்றால்? இடம் மூன்றுதானே! கடைசி இடம். ஆனால் இடம்!

அதே காரில் பள்ளிக்கு. பிலோமினா வகுப்பில், வகுத்தல் கணக்கு. ஜன்னல் வழியாகக் கையால் மூன்று என்று காட்டினேன். புரிந்தது. தலையை மட்டும் அசைத்தாள். கணக்கை முடித்தாள், பலகையைத் துடைத்தாள், வராந்தாவுக்கு வந்தாள். அப்புறம்தான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் சாக்பீஸ் பொடி.

கமருன்னிசா தூணருகே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாயசம் வைத்தேன். வெல்லம் போதவில்லை. அவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டிசம்பர் 7, சனி

வெளுத்த வானம், நல்ல காற்று. பிலோமினாவின் முதல் செனட் கூட்டம். ஆசிரியைகள் தீர்மானம் இன்றே வந்தது. எங்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. எதிரே கடற்கரை மணலில் காத்திருந்தோம்: லலிதாம்பாள், கமருன்னிசா, மரியம்மா, நான். லலிதாம்பாள் காரில் உட்காரச் சொன்னார், மரியம்மா மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் லலிதாம்பாளும் பட்டுப்புடவையோடு மணலுக்கு வந்தார். சுண்டல் வாங்கினோம்.

வெயில் தாழ்ந்த பிறகு பிலோமினா வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தீர்மானம் நிறைவேறவில்லை. தோற்கவும் இல்லை. ஒரு கமிட்டிக்கு விட்டிருக்கிறார்கள். கமிட்டியில் யாரைப் போடலாம் என்றபோது, பேசிய அந்த அம்மாவைப் போடுங்கள் என்று ஒரு கிழவர் சொன்னாராம். போட்டுவிட்டார்கள்.

கமருன்னிசா முகத்திரையைத் தூக்கிப் பிலோமினாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வருஷத்துக்கான பி.ஏ. பாடப் புத்தகங்களை வாங்கியாயிற்று என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

மரியம்மாவின் கேள்வி வேறு. "நீ பேசும்போ கேட்டுக்கினாங்களா, இல்லாங்காட்டி அவங்களுக்குள்ள பேசிக்கினு இருந்தாங்களா?"

"மொதல்ல பேசிக்கினுதான் இருந்தாங்கம்மா."

"அப்பால?"

"அப்பால கேட்டாங்க."

மரியம்மா எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினாள். "அப்ப அடுத்த தபா எடுத்ததுமே சத்தமா பேசு."