கேமராவை நிறுத்தியவன் நான்தான்

என் அன்புக்குரியவளுக்கு,

நான் நலமே. உன் முழங்கால் வலி குறைந்ததா, அப்பாவின் இருமல் தணிந்ததா என்று எழுது.

அப்பாவின் அறைக் கேமரா பழுதாகிவிட்டதோ என்று கவலைப்படாதே. இங்கிருந்தே அதை நிறுத்தியவன் நான்தான். முந்தாநாள் நான் வேலையில் இருந்தபோது அண்ணன் அழைத்தார்.

"உன் பொண்டாட்டி பட்டப்பகல்ல ரெண்டு மணி நேரம் நாற்காலியிலேயே தூங்குறாடா. என் போன்ல கேமராவைத் திறந்து பாத்தேன்."

"ராத்திரி அப்பாவுக்காக நாலு தடவை எழுந்தாளே, அதையும் பாத்தீங்களாண்ணே?"

"அப்போ நான் தூங்கிட்டிருந்தேன்."

உனக்கு ஒத்தாசையாக வாங்கி அனுப்பிய பொருள் அது. உன்னை வேவு பார்க்க அல்ல. அப்பாவிடமும் பேசினேன். "பிடுங்கிப் போடுடா, வேட்டி மாத்தக்கூட கூச்சமா இருக்கு" என்றார். அவரைக் கேட்காமல் மாட்டச் சொன்னது என் பிழை.

அவர் கட்டிலை விட்டு எழுந்தால் மணியடிக்கும் விரிப்பு மெத்தைக்கு அடியில் இருக்கிறது, அது போதும். இனி திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் அந்த மணி அண்ணனின் கைபேசியில்தான் அடிக்கும். அந்த இரவுகளில் அப்பாவின் அறையிலேயே வந்து படுக்கும்படி சொல்லிவிட்டேன். அடுத்த தெருதானே! போனில் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும்.

நீ மாத்திரை கொடுக்கும்போது உன் வளையல் கை திரையில் தெரியும். உணவு இடைவேளையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இனி அது இல்லை. ஆகவே பதிலை உன் கையாலேயே எழுதி அனுப்பு.

வேலைக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது. பகலிலும் தூங்கு. கேட்பவர் யாராயினும் என்னைக் கேட்கட்டும்.

உன் கணவன்