கொசுறாக வந்த மீன்

மட்டாஞ்சேரி,
12-7-2007

அன்பு மகள் மஞ்சுஷாவுக்கு அம்மா ஒச்சம்மாள் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் வலது முழங்காலையும் என் வாயையும் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நீயும் அந்த டெல்லி வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு மலையாளம் ஓடுகிற மாதிரி தமிழ் ஓடாது, அதனால் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி, அவசரமாகப் படித்தால் உன் அம்மா புத்திசாலி என்று தோன்றிவிடும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் ஒன்று நீ சிரிப்பாய், இல்லையென்றால் கத்துவாய், இரண்டையும் கேட்கிற தெம்பு எனக்கு இப்போது இல்லை.

போன வருஷம் நீ எழுதியிருந்தாயே, நாட்டுக்கே சுற்றுச்சூழல் கொள்கை என்று ஒன்று எழுதியிருக்கிறார்கள், ஆற்றிலும் குளத்திலும் இருக்கிற பொடி மீன்கூட அழியக்கூடாது என்கிற வேலை அதில் இருக்கிறது, அந்தப் பிரிவில்தான் நான் இருக்கிறேன் என்று. கொள்கை என்றால் கட்சிக்காரர்கள் மைக் வைத்துப் பேசுவது என்றுதான் எனக்குத் தெரியும். நம் சாயாக்கடைக்கு வருகிற ஜூ டவுன் மிளகுக் கிடங்குக்காரர்கள் எல்லாரிடமும் என் மகளுக்கு சென்ட்ரல் கவர்மென்ட் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். எந்த டிபார்ட்மென்ட் சேச்சி என்று கேட்டால் சாயாவை இன்னும் உயரத் தூக்கி ஆற்றுவேன். மீன் என்று சொல்ல வாய் வரவில்லை. மீனுக்காகவா பெண்ணை டெல்லிக்கு அனுப்பினாய், கொச்சியில் மீன் இல்லையா என்று கேட்டுவிடுவார்களே என்று கூச்சம். இதை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மாரியம்மன் கோயில் குளத்தை மண் போட்டு மூடிவிட்டு, கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்த இடம் பண்ண வேண்டும் என்று கோயில் கமிட்டி வெங்கிட்டு இரண்டு வருஷமாக அலைகிறார் அல்லவா, இந்த வைகாசியில் லாரிக்கே சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து சுமா என்று ஒரு பெண் வந்தாள், தேவராப் பக்கம் கல்லூரியில் படிக்கிறவள், கண்ணாடி போட்டவள். வார்டு வார்டாகக் குளம், தோடு என்கிற ஓடை, அதில் இருக்கிற மீன், பூச்சி, பாசி எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றுகிறார்களாம், நம் குளத்தில் நாட்டு மீன்கள் இருந்து அது அதில் ஏறிவிட்டால் மூடுவதற்கு எளிதில் அனுமதி கிடைக்காது என்றாள். அடுத்த புதன்கிழமை வலையோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு உடனே உன் ஞாபகம். என் மகளுடைய டிபார்ட்மென்ட் ஆட்கள் நம் குளத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் படியில் போய் நின்று எட்டிப் பார்த்தேன். தலையில் பொட்டு மின்ன நாலைந்து மானத்துக்கண்ணி மீன், தீக்குச்சி நீளம் இருக்காது, ஓரத்தில் கொஞ்சம் பள்ளத்தி, பரல் என்று பொடி மீன்கள். இவ்வளவுதானா, இதைக் காட்டினால் மானம் போகாதா என்று இருந்தது.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாம் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டு நாற்காலி, எதிர் வீட்டுத் தட்டு, கமலாக்ஷியின் காசுமாலை, எல்லாம் இரவல். உன்னைப் பார்க்க வந்தபோதுகூட அந்த மாலையைத்தான் போட்டுவிட்டேன், நீ கழற்றி என் மடியில் போட்டுவிட்டு டெல்லிக்கு ரயில் ஏறினாய். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. செவ்வாய்க்கிழமை தோப்பும்படியில் சுஜித்தின் கலர்மீன் கடைக்குப் போய், பார்க்க லட்சணமாக, பெரிசாக, சீக்கிரம் சாகாத மீனாகக் கொடு என்றேன். நட்டர் என்று ஒன்றைக் காட்டினான். வெள்ளிப் பாத்திரம் மாதிரி உடம்பு, வயிற்றில் குங்குமச் சிவப்பு. பன்னிரண்டு வாங்கினேன். வாங்கிவிட்டுச் சும்மா வந்தேனா, கறிவேப்பிலை வாங்கினாலும் கொசுறு கேட்கிற வாய் இது, ஒன்று கூடப் போடடா, என் மகள் டெல்லியில் இருக்கிறாள் என்று சண்டை போட்டுப் பதின்மூன்றாவதையும் வாங்கிக்கொண்டு வந்து குளத்தில் விட்டேன். சுஜித்தும் எதற்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை சுமா வலையைப் போட்டாள். முதல் வீச்சிலேயே நட்டர். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு சம்பந்தியம்மா மாதிரி படியில் நிற்கிறேன், அந்தப் பெண் முகம் செத்துப்போய்விட்டது. இது எங்கேயோ அமேசான் காட்டு மீனாம், நம் ஊர்க் குளத்தில் விட்டால் பொடி மீன், முட்டை, பாசி எதையும் மிச்சம் வைக்காதாம். இது இருக்கிற குளத்தை நாட்டு மீன் குளம் என்று எப்படி எழுதுவது என்று தலையில் கை வைத்தாள். வெங்கிட்டுவுக்கு வாயெல்லாம் பல். அதான் பார்த்தீர்களே, உள்ளே இருப்பதெல்லாம் வெளிநாட்டுக்காரன், இதை மூடினால் யாருக்கு நஷ்டம் என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம். யார் விட்டது என்று கேள்வி வந்தது. குளத்தை ஒட்டிய அறையில் மாரிச்செல்வம் என்று ஒரு பையன் இருக்கிறான், விருதுநகர்ப் பக்கம், கட்டட வேலைக்குப் போகிறவன், காலையில் நம் கடையில்தான் இட்டிலி தின்பான். தமிழ்நாட்டு அண்ணாச்சிமார்கள் வந்து தங்கினால் இப்படித்தான், வளர்த்து விற்கலாம் என்று விட்டிருப்பான், அறையைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்றார் வெங்கிட்டு. நம் தாத்தாவும் ஒரு காலத்தில் அங்கேயிருந்து துணி மூட்டையோடு வந்து இறங்கியவர்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டது. அந்தப் பையன் எழுந்து நின்று, நான் குளிக்கக்கூட அந்தக் குளத்தில் இறங்கினதில்லைங்க என்றான். எனக்குப் பொறுக்கவில்லை மோளே. பெரிய தியாகி மாதிரி எழுந்தேன், முந்தானை நாற்காலி ஆணியில் மாட்டி நாற்காலியும் கூடவே எழுந்தது, எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான்தான் விட்டேன், அழகுக்கு விட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பு வேறு மாதிரி. உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், கோபத்தில் என்று நினைத்தேன், வாசலில் நின்று அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரை இறைத்துவிட்டுப் பிடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சுமா கூடாது என்றாள், சேற்றோடு நாட்டு மீனும் போய்விடும். இறைத்த குளத்தில் மறுநாளே லாரி மண் விழும் என்பது எனக்கே தெரியும். வலைக்கும் அந்த மீன் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் சிக்கவில்லை. அப்புறம் என்ன, தூண்டில்தான். ஓணம் கழிந்து திரும்ப வந்து பார்க்கிறேன், ஒரு நட்டர்கூட இல்லையென்றால் குளத்தின் பேரை ஏற்றிவிடலாம் என்று சுமா தவணை கொடுத்தாள். அன்றிலிருந்து கடையை மூடியதும் நானும் அப்பாவும் படியில் உட்கார்ந்துவிடுகிறோம். மண்புழுவைத் தொடவில்லை, பரோட்டாவைத் தொடவில்லை, கடைசியில் எதற்கு வந்தது தெரியுமா, கடையில் மிஞ்சிய என் இட்டிலிக்கு. முப்பது வருஷமாக உன் அப்பா கல் என்று சொல்லி ஒதுக்கிய அதே இட்டிலி, தண்ணீரில் கரையாமல் தூண்டில் முள்ளில் நிற்கிறது. அவர் அதையும் விடவில்லை, உன் சமையலுக்கு ஏற்ற ஆள் அமேசானிலிருந்து வரவேண்டியிருந்தது என்கிறார். பிடித்ததைக் குழம்பு வைத்தோம். மாரிச்செல்வம்தான் நல்லா இருக்குக்கா என்று தின்கிறான், அவன் பசிக்கு எல்லாம் நன்றாக இருக்கும். தினம் ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்க வருகிறது, கிடங்குக்காரர்கள் எனக்கு நட்டர் சேச்சி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

விலை கொடுத்து வாங்கிய பன்னிரண்டும் வந்துவிட்டன. அந்தக் கொசுறு மட்டும் வரவில்லை. இட்டிலியின் ஓரத்தைக் கடிக்கிறது, முள்ளை விடுகிறது, வயிற்றைத் திருப்பிச் சிவப்பைக் காட்டிவிட்டு ஆழத்துக்குப் போய்விடுகிறது. நான் சண்டை போட்டு வாங்கியது அல்லவா, என் குணம்தானே அதற்கும் இருக்கும். ஆனால் மஞ்சு, சிரித்துக்கொண்டே எழுதினாலும் பயமாகத்தான் இருக்கிறது. மானத்துக்கண்ணி இப்போது ஒன்றோ இரண்டோதான் கண்ணில் படுகிறது, சில நாள் அதுவும் இல்லை. நான் கேவலம் என்று நினைத்த மீன் இல்லாமல் போய்விடுமோ என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்கிறேன். கொசுப் புழுவையெல்லாம் அந்தப் பொடி மீன்தான் தின்று தீர்த்துக்கொண்டிருந்ததாம்; கொசுவே வராத தெரு நம் தெருதான், கார்ப்பரேஷனில் மருந்து அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பக்கம் எனக்கு வேலையே இருந்ததில்லை என்று அப்பா இப்போது சொல்கிறார், இந்த வருஷம் காய்ச்சல் எங்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

உங்கள் ஆபீசில் பெரியவர்கள் கேட்டால் ஒன்று சொல்லு. டெல்லியில் எழுதுகிற கொள்கை மட்டாஞ்சேரிப் படிக்கட்டு வரைக்கும் வருவதற்குள் என்னை மாதிரி ஒருத்தி பாத்திரத்தோடு இறங்கிவிடுவாள். அதனால் மீன் விற்கிற கடையிலேயே குளத்தில் விடாதே என்று எழுதிப்போடச் சொல்லுங்கள். சுஜித்தை நான் திட்டிய திட்டில் அவன் கடையில் மலையாளத்தில் ஒன்று ஒட்டிவிட்டான், கீழே என் பேரையும் போடட்டுமா சேச்சி என்று கேட்கிறான்.

இப்போது யாராவது எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டால் மீன் என்று சொல்கிறேன், குளத்து மீன் எல்லாம் என் மகள் கையில் என்று சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன், அப்பா அடங்கு என்கிறார். கொசுறைப் பிடித்து, குளத்தைச் சுத்தமாக்கி, அதற்குப் பிறகுதான் உன்னை ஊருக்குக் கூப்பிடுவது என்று வைராக்கியமாக இருந்தேன். வீட்டை ஒழுங்கு பண்ணாமல் ஆளைக் கூப்பிடத் தெரியாதவள் அல்லவா நான். அந்த வைராக்கியம் வேண்டாம். குளம் இருக்கிறபடியே இருக்கிறது, நானும் இருக்கிறபடியே இருக்கிறேன், நீ வா. ஓணத்துக்கு முன்னாலேயே வா. தூண்டிலை நீ பிடி, இட்டிலி நான் அவித்துத் தருகிறேன்.

அம்மனும் அப்பனும் உன்னைக் காக்கட்டும், நீ நூறு வயசு நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, டிக்கெட்டை இப்போதே போடு, ஓணத்துக்கு ரயிலில் இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஆ. ஒச்சம்மாள்

அப்பா எழுதச் சொன்னது: வரும்போது காசுமாலை எதுவும் வேண்டாமாம், ஒரு நல்ல தூண்டில் முள் வாங்கி வரச் சொல்கிறார்.