அம்சவேணியின் ரத்தத்தில் இருப்பது

வடக்குப்பட்டு
12.8.2003

அன்பு மகன் கண்ணப்பனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் பெண்டாட்டி அம்சவேணி, அவள் வயிற்றுப் பிள்ளை மூன்று பேரும் சுகம். மஸ்கட்டில் உன் சுகத்துக்கு எழுது. பிள்ளையையும் சேர்த்துத்தான் எழுதினேன், நீ போனில் சொன்னபடி நான் கலைக்கக் கூட்டிப்போகவில்லை, போகவும் மாட்டேன். நடுவில் நீ இரண்டு தடவை கூப்பிட்டும் நான் பேச வராதது கோபத்தில்தான்.

நடந்ததை முழுசாகக் கேள். பின்கட்டு ரூமில் வாடகைக்கு இருக்கிற கம்பெனிப் பெண் செல்லக்கனிக்கு உடம்பெல்லாம் சிவப்பாகப் போட்டது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இங்கே யாரும் இல்லை. அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகினேன், அம்சவேணி பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். படப்பை டாக்டரம்மா பார்த்துவிட்டு இது ருபெல்லா, மூன்று மாசக் கர்ப்பத்தில் ஒட்டினால் பிள்ளைக்குக் கண்ணும் காதும் போகலாம் என்று சொல்லி அம்சவேணிக்கு ரத்தம் எடுத்தார். ரிப்போர்ட்டை வாங்கப் போனவன் உன் பெரியப்பா மகன் பாண்டுரங்கன். கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து தனக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்லை என்று நினைப்பு. வழியிலேயே பிரித்துப் பார்த்து, பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது, நோய் ஏறிவிட்டது என்று டாக்டரம்மாவிடம் காட்டாமலே உனக்குப் போன் போட்டான், நீயும் நம்பினாய். உன் அக்காவுக்கு அம்மை போட்ட வருஷம் நாம் தண்ணீர் சேந்தக் கூடாதென்று கேணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனவள் அவன் ஆத்தா. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறி டாக்டரம்மாவிடம் போனேன். அதில் இரண்டு சோதனை இருக்கிறதாம். ஒன்று நோய் புதுசாகத் தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பது, அது இல்லை என்று வந்திருக்கிறது. இன்னொன்று முன்னே எப்போதாவது வந்து போனதா என்று பார்ப்பது, பாசிட்டிவ் என்றது அதைத்தான். சின்ன வயசில் அவளுக்கு வந்து போயிருக்கிறது, அதை எதிர்க்கிற சக்தி ரத்தத்திலேயே நிற்கிறது, பிள்ளைக்கும் அதுதான் காவல் என்றார். நான் விடாமல் கேட்டதால் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார், அதிலும் புதுசாக ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னேயே போட்டால் பின்னால் இந்தப் பயம் இல்லை என்று உன் அக்கா பெண்ணுக்கு இதற்கான ஊசி போடச் சொன்னார், போட்டாயிற்று. செல்லக்கனியும் தேறி ஷிப்டுக்குப் போகிறாள். பாண்டுரங்கன் வீட்டு வாசலில் நின்று நான் கேட்டதற்கு, "பெரிசா பாசிட்டிவ்னு போட்டுக்கீதே சித்தி" என்றான். "உன் லைன்லயும் பாதி பாத்துட்டுத்தான் சாமானை அனுப்பறியாடா" என்றேன், உள்ளே போய்விட்டான்.

அம்சவேணி உன்மேல் ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் உன் போன் வந்த அன்றிலிருந்து வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டேதான் தூங்குகிறாள், போர்வை இழுத்துவிட நான் கிட்டே போனாலும் திடுக்கிட்டு எழுகிறாள். என்னையே நம்பவில்லை. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவளை மளிகைக் கடைக்குக் கூட்டி வருவேன், அந்த போனுக்குப் போடு. பாண்டுரங்கனிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமும் சொல்லாதே. கலைக்கச் சொன்ன அதே வாயால் பிள்ளை வேண்டும் என்று அவள் காதில் சொல். வெயிலில் வேலை, தண்ணீர் நிறையக் குடி, மாரியாத்தா உன்னைக் காப்பாள். நீ போன் போட்டாலும் போடாவிட்டாலும் இந்தப் பிள்ளை இந்த வீட்டில்தான் பிறக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
ராஜம்மா