ஒரு தலை, இரண்டு வேண்டுதல்

குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தால் இதுவரை வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். நேற்றிலிருந்து களிம்பு வாசனை மட்டும்தான். தலையில் முடி இல்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ போய் இரண்டு வருடம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ பார்க்காத குழந்தை. உன் அண்ணனுக்கும் எனக்கும் பிறந்தவள், உன் மருமகள். முதல் முடி வேளாங்கண்ணி மாதாவுக்கு என்று உன் அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறார். குன்றத்தூர் முருகனுக்கு என்று என் அம்மா. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. விஷயம் வெளியே வந்த அன்று, ஷிப்டு முடிந்து வந்த உன் அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "முன்பாதி அங்க, பின்பாதி இங்க. மேட்டர் ஓவர்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஹாஸ்டலில் நாம் ஒன்றாக இருந்தபோது நீ வாங்கிய பழைய புத்தகத்திலிருந்து ஒரு சீட்டு விழுந்ததே, நினைவிருக்கிறதா? இறக்கை வைத்த உருவம். ஒரு கால் தரையில், ஒரு கால் தண்ணீரில். கையில் இரண்டு கிண்ணம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஓடும். "டீ மாஸ்டருக்கு ரெக்கை மொளச்சிருச்சு பாருடி" என்றாய். அடியில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி முதலில் மதுவிலக்கு என்றது, பிறகுதான் மிதம் என்றது. மதுவிலக்குக்கு அரை மணி நேரம் சிரித்தோம். அது மேல்நாட்டு ஜோசியச் சீட்டு என்று பின்னால்தான் தெரிந்தது.

பௌதிகம் படிக்கிற திமிரில் நான் குறை சொன்னேன். தண்ணீர் இப்படிச் சாய்வாக ஓடாது. இப்படி நின்றால் கால் வழுக்கும்.

"அது நிக்கறதப் பத்தி யோசிக்கலடி. ஊத்திகினே கீது. அதான் வுழல" என்றாய். "எது சுடுதண்ணி, எது பச்சத்தண்ணின்னு இப்ப கேளு. அதுக்கே தெரியாது."

எனக்கும் உன் அண்ணனுக்கும் கல்யாணப் பேச்சு எழுந்து இரண்டு வீடும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, இங்கே ஒரு நடை, அங்கே ஒரு நடை என்று நீதான் ஓடினாய். நீ வந்துபோன பிறகு யார் முதலில் இறங்கிவந்தது என்று இரண்டு அம்மாக்களுக்கும் நினைவில்லை.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. உன் அம்மா மாதாவிடம் மன்றாடினார், என் அம்மா முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் கண்ணோடு நீ என் காதில் சொன்னாய்: "ரெண்டு சாமியும் 'அவுங்க பாத்துப்பாங்க'ன்னு வுட்டுட்டாங்க போலடி." நானும் சிரித்தேன். அடுத்த வாரம் நீ இல்லை.

அந்தச் சிரிப்புதான் இன்றுவரை என்னை விடவில்லை. நீ அந்தப் படத்தில் ஊற்றுகிற கையைப் பார்த்தாய். நான் இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தைப் பார்க்கிறேன். அங்கே இருக்கிற தண்ணீர் யாருடையது? தவறினால் யார் பிடிப்பார்கள்? என் பெண்ணும் அங்கேதானே இருக்கிறாள்? அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் எந்த வேண்டுதலை எது தடுத்தது என்றுதான் மனது ஓடுகிறது.

இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருடத்து வெயிலில் அவள் தலையெல்லாம் வேனல் கட்டி. சீழ் வைத்துவிட்டது. "முடிய எடுத்துடும்மா, காத்து படணும்" என்றார் டாக்டர். வேண்டுதல் இருக்கிறது என்று இழுத்தேன். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ நாளைக்கே எடு" என்றார். நேற்று நாவிதரை வீட்டுக்கே வரவழைத்தோம். முடி தரையில் விழ விழ, யாருக்கோ நேர்ந்ததைத் தராமல் குப்பையில் வாரிப் போடுகிற மாதிரி எனக்கு இருந்தது.

ஆள் அனுப்பிச் சொல்லி, இன்று இரண்டு பேரும் வந்தார்கள். வல்லத்திலிருந்து உன் அம்மா, குன்றத்தூரிலிருந்து என் அம்மா.

"ஏம்மா, நாங்க இன்னா செத்தா பூட்டோம்?" என்றார் உன் அம்மா.

"நல்லா கேளுங்க சம்பந்தி. படிச்ச கொழுப்பு" என்றாள் என் அம்மா. இருவரும் ஒரே பக்கம் நின்று பேசி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா அத்தை?" என்று நான் அழுதுவிட்டேன்.

உன் அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டார். அவளை மடியில் கிடத்தி, கட்டிகளை விட்டுவிட்டுத் தலையைத் தடவினார். பின்மண்டையில், இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் தட்டையாக ஓர் இடம். கை அங்கேயே நின்றது.

"சம்பந்தி, இங்க பாருங்க. அவ தலை. அவளுக்கு மொட்ட போட்டப்ப அப்டியே இப்டிதான் இருந்துச்சு."

உன்னை மொட்டைத் தலையோடு என் அம்மா பார்த்ததே இல்லை. "ஆமா" என்றாள். குழந்தையின் காதைத் தொட்டு, "காது மட்டும் எங்க வூட்டுது."

"இருந்துட்டுப் போவட்டும்."

முடி மறுபடி வளரும். யாருக்கு என்ற பேச்சும் கூடவே வளரும். என் பயமும் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அவளைத் தூக்கும்போது என் உள்ளங்கை அந்தத் தட்டையான இடத்தில் தானாகப் போய்ப் பொருந்துகிறது. உன்னைத் தொட்ட மாதிரி இருக்கிறது என்றால் நீ கேலி செய்வாய். அதனால் சொல்லவில்லை. அவள் தூங்கிப் போன பிறகும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.